ஏப்ரல் நண்டுக்கு ஆகஸ்டிலேயே பேப்பர் போடணும்

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஹூப்பர்ஸ் தீவு இருக்கிறது. நண்டைப் பிடித்து, அவித்து, உடைத்து, சதையை டப்பாவில் அடைத்து விற்கும் சின்னச் சின்னக் கூடங்கள் அங்கே உண்டு. பெரும்பாலும் குடும்பத் தொழில். ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் அடங்கிவிடும். தண்ணீர் குளிர்ந்ததும் நண்டு சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். அதற்குப் பிறகு கூடத்தில் வேலை கிடையாது.

சதை எடுக்கும் மேசையில் ஒரு காலத்தில் உள்ளூர்ப் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கு வயதானது, பிள்ளைகள் வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். 1990-களிலிருந்து அந்த இடத்துக்கு மெக்சிகோப் பெண்கள் வருகிறார்கள், எச்-2பி விசாவில். விவசாயக் கூலிக்கு எச்-2ஏ, விவசாயம் அல்லாத பருவ வேலைக்கு எச்-2பி. 1986-இல் வந்த குடியேற்றச் சட்டம்தான் இரண்டையும் பிரித்தது. இந்த விசாவை அதிகம் பயன்படுத்துவது புல்வெளி, தோட்டப் பராமரிப்புக்காரர்கள். கோடைவாச ஹோட்டல், திருவிழா ராட்டினம், நண்டு, மீன் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். இந்த விசாவில் ஆள் வரவழைக்க முதலாளி என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்கிறோம். அதில் பெரும்பகுதி இவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். நண்டுக்கு மட்டும் உள்ள சலுகையை அங்கங்கே தனியாகச் சொல்கிறோம்.

முதலில் எண்ணிக்கை. ஒரு நிதியாண்டுக்கு 66,000 விசா. அக்டோபர் முதல் மார்ச் வரை வேலை தொடங்குபவர்களுக்கு 33,000, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தொடங்குபவர்களுக்கு 33,000. வசந்தத்தில் தொடங்கும் தொழில்தான் நாட்டில் அதிகம். அதனால் இரண்டாவது 33,000-க்கு ஜனவரி முதல் வாரத்திலேயே 1 லட்சத்துக்கும் மேல் ஆள் கேட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன. 2018-இல் குடியேற்றத் துறை போட்ட குலுக்கலில் விழாமல் மேரிலாண்ட் நண்டுக் கூடங்கள் பலவற்றில் மேசை காலியாகக் கிடந்தது. 2019 ஜனவரி 1 நள்ளிரவில், விண்ணப்பம் திறந்த சில நிமிடங்களிலேயே தொழிலாளர் துறையின் இணையதளம் படுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற முறையை அதற்கப்புறம் தொழிலாளர் துறையும் கைவிட்டு, குலுக்கிப் போட்டு வரிசைப்படுத்த ஆரம்பித்தது.

குலுக்கல் நம் கையில் இல்லை. ஆனால் குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு பேப்பரில் கோட்டை விட்டு ஆள் வராமல் போவது முழுக்க நம் கையில் இருக்கிற விஷயம். நண்டு இல்லாமல் ஒரு வாரம் போனால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். தேதி தவறினால் அந்த வருஷமே போச்சு.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

முதல் படி கூலி நிர்ணயம். ஈடிஏ-9141 என்ற படிவத்தில், இன்ன வேலை, இன்ன ஊர், இன்ன தகுதி என்று எழுதித் தொழிலாளர் துறைக்கு அனுப்பினால், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் கூலி இவ்வளவு என்று பதில் வரும். அந்தப் பதில் கையில் தேவைப்படும் நாளுக்குக் குறைந்தது 60 நாள் முன்னால் போட வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல். அதை நம்பி நவம்பரில் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஜனவரி 1-ஆம் தேதி அது கையில் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. ஆகஸ்ட் கடைசியில் போட்டுவிடுவது நல்லது.

இந்தப் படிவத்தில் வேலை விவரத்தை எழுதும்போதே அடுத்த ஆறு மாதம் எங்கெங்கே உதை விழும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. நண்டுச் சதை எடுப்பது 51-3022 என்ற தொழில் எண்ணில் வரும், அதாவது இறைச்சி, மீன் வெட்டுபவர்கள். விவரத்தில் "தேவைப்பட்டால் வண்டி ஓட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இது வேறு வேலை, இதன் கூலி வேறு என்று கிளம்புவார்கள். "6 மாத அனுபவம் வேண்டும்" என்று எழுதினால், அந்த வேலைக்கு இவ்வளவு அனுபவம் வழக்கமில்லையே, உள்ளூர் ஆளைத் தட்டிக்கழிக்கவா என்று கேள்வி வரும். மேசையில் நடக்கிற வேலையை மட்டும் எழுதுங்கள். போன வருஷப் படிவத்தை அப்படியே நகல் எடுப்பவர்கள் முகவரியையும் தேதியையும் மாற்ற மறப்பது சர்வசாதாரணம். 9141-இல் ஒரு முகவரி, அடுத்த படிவத்தில் இன்னொன்று என்றால் குறைபாட்டு நோட்டீஸ் நிச்சயம்.

அடுத்தது, இது பருவ வேலைதான் என்று காட்டும் சான்று. கடந்த 3 வருடச் சம்பளப் பட்டியலை மாதவாரியாகத் தொகுத்து வையுங்கள்: நிரந்தர ஆள் எத்தனை, தற்காலிக ஆள் எத்தனை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி. ஏப்ரலில் ஏறி, ஜூலையில் உச்சம் தொட்டு, டிசம்பரில் சுழியத்துக்கு வரும் வரைபடம் அதிலிருந்தே தெரிய வேண்டும். தேவை பொதுவாக 9 மாதத்துக்குள் அடங்க வேண்டும். போன வருஷம் 12 பேர், இந்த வருஷம் 18 பேர் என்றால் கூடுதல் 6 பேர் ஏன் என்பதற்குக் காகிதம் வேண்டும்: புது வாடிக்கையாளர் ஒப்பந்தம், கூடுதல் மேசை, ஏதோ ஒன்று. "தொழில் வளர்கிறது" என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது.

ஜனவரியின் மூன்று நாள்

முக்கிய விண்ணப்பம் ஈடிஏ-9142பி. ஆள் தேவைப்படும் நாளுக்கு 90 முதல் 75 நாள் முன்னால்தான் போட முடியும். ஏப்ரல் 1-க்கு 90 நாள் முன் என்றால் ஜனவரி 1; லீப் வருடத்தில் ஜனவரி 2. முதல் மூன்று நாளில் வந்தவற்றை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, ஏ, பி, சி என்று குழு பிரிக்கிறார்கள். 33,000-க்குப் போதுமான விண்ணப்பங்கள் ஏ குழுவில் இருக்கும். பி-க்கு கீழே போனால் வழக்கமான ஒதுக்கீட்டில் நம்பிக்கை குறைவு. நான்காம் நாள் போட்டவருக்கு அந்தக் குலுக்கலிலேயே இடமில்லை.

அதிர்ஷ்டத்தைக் கூட்ட, அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று ஒரே தேவைக்கு இரண்டு விண்ணப்பம் போடும் யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். ஒரே முகவரி, ஒரே முதலாளி, ஒரே மேசை என்று தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மறுப்பார்கள்.

விண்ணப்பத்தோடு மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வேலை அறிவிப்பும் போக வேண்டும். அதில் இருந்தே ஆக வேண்டிய வாசகங்கள் பல உண்டு: அறிவித்த நேரத்தில் முக்கால் பங்குக்காவது வேலை தருவோம் என்ற உத்தரவாதம், பயணச் செலவு, கருவிகள் இலவசம், என்னென்ன பிடித்தம், எத்தனை நாளுக்கு ஒருமுறை சம்பளம். வாசகம் விட்டுப்போனால் நோட்டீஸ் வரலாம். 10 வேலை நாளுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் ஆள் சேர்த்துத் தருகிற ஏஜென்ட், அவருக்குக் கீழே ஊர் ஊராக ஆள் பிடிப்பவர் என்று அத்தனை பெயரும் பின்னிணைப்பு சி-யில் வர வேண்டும். இதை விட்டுவிட்டு மாட்டுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் கீழே இருக்கிறவர் யார் என்று முதலாளிக்கே தெரிவதில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் 14 நாளுக்குள் உள்ளூரில் ஆள் தேடி முடிக்க வேண்டும். போன வருஷம் அதே வேலையைச் செய்த அமெரிக்கர்கள் ஒவ்வொருவரையும் தொடர்புகொள்ள வேண்டும். வேலையிடத்தில் பார்வையில் படும் 2 இடங்களில் 15 தொடர் வேலை நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு ஒன்று, நேரப்பதிவு மெஷின் பக்கத்தில் ஒன்று என்பது வழக்கம். ஒட்டியதைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வருகிற உள்ளூர் ஆளை, வேலை தொடங்கும் நாளுக்கு 21 நாள் முன்பு வரை எடுத்துக்கொள்ள வேண்டிய கடமை இருக்கிறது. யார் கூப்பிட்டார், எந்தத் தேதி, நீங்கள் எப்போது திருப்பிக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார், ஏன் சேரவில்லை என்று ஒரு நோட்டுப் போடுங்கள். ஜனவரியில் கூடம் பூட்டியிருக்கும், போனை யாரும் எடுக்க மாட்டார்கள். "நான் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவே இல்லை" என்று ஒருவர் புகார் கொடுத்தால் மொத்த விண்ணப்பமும் ஆட்டம் காணும். விளம்பரத்தில் கொடுக்கும் எண் யாராவது எடுக்கிற எண்ணாக இருக்கட்டும்.

தொழிலாளர் துறையின் சான்று வந்தவுடன், அன்றைக்கே முடிந்தால் நல்லது, ஆட்களை அழைக்கக் குடியேற்றத் துறைக்கு ஐ-129 மனு. 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி, 25 பேருக்கு மேல் முழுநேர ஊழியர் இல்லாத சின்ன நிறுவனத்துக்குப் பெயர் குறிப்பிடாத மனு 460 டாலர், பெயர் குறிப்பிட்ட மனு 540. இதோடு புகலிடத் திட்டக் கட்டணம் 300, மோசடித் தடுப்புக் கட்டணம் 150. வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுக்குப் பெயர் குறிப்பிடாமல் போடுவதே வசதி. கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரை அனுப்பலாம். விரைவுச் சேவைக்குக் காசு அதிகம்தான், அதே 2024-இல் அது 1,685 டாலருக்குப் போனது. மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். ஒதுக்கீடு நிரம்பிய நாளுக்கு ஒரு நாள் பிந்தி வந்த மனு திரும்பிவிடும்.

குலுக்கலில் தோற்றால் இரண்டு கதவு மிச்சமிருக்கிறது. ஒன்று, நாடாளுமன்றம் அனுமதிக்கும் கூடுதல் விசா. 2023, 2024, 2025 மூன்று ஆண்டிலும் அதிகபட்சம் 64,716 வரை கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி, முந்தைய 3 நிதியாண்டுக்குள் ஒருமுறையாவது எச்-2பி-யில் வந்து போனவர்களுக்கு மட்டும். ஆள் இல்லாவிட்டால் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டு, கணக்கைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். பழைய ஆளைத் தக்கவைப்பது ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். போன வருஷம் வந்த 12 பெண்கள் இந்த வருஷமும் வரத் தயார் என்றால் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. எல்லாரும் புதுசு என்றால் இந்தக் கதவு சாத்தியதுதான்.

இரண்டாவது, உள்நாட்டிலேயே மாறி வருபவர்கள். குளிர்காலத்தில் புளோரிடா ஹோட்டலில் எச்-2பி-யில் வேலை பார்த்தவர், அந்த வேலை முடிவதற்குள் உங்கள் மனுவில் மாறினால், அவர் அந்த நிதியாண்டின் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டார். மறுபடி எண்ணப்பட மாட்டார். வடக்கே இருக்கும் கோடை விடுதிகள் இந்த வழியில்தான் பிழைக்கின்றன. நண்டு மேசைக்கு இது அவ்வளவு சரிப்படாது. ஹோட்டல் அறை சுத்தம் செய்தவருக்கு நண்டுக் கத்தி பழக ஒரு சீசன் போகும்.

இரண்டும் இல்லையென்றால் நண்டை உயிரோடு விற்க வேண்டியதுதான். பெரிய ஆண் நண்டு எப்படியும் முழுசாகவே நல்ல விலைக்குப் போய்விடும். சின்னதும் பெண் நண்டும்தான் மேசைக்கு வரும். மேசை இல்லாவிட்டால் அவற்றுக்கு விலை விழும். இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது. மண்டபம், பாம்பன் கரைகளில் பிடிபடும் நீல நண்டின் சதை பதப்படுத்தி டின்னில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கேயும் மேசையில் உட்கார்ந்திருப்பது பெண்கள்தான். இந்தோனேசியா, வெனிசுவேலா, இந்தியா என்று வரும் இந்தச் சரக்கின் விலையோடு போட்டி போட்டுத்தான் ஹூப்பர்ஸ் தீவு முதலாளி தன் கூலியைக் கட்டுகிறார்.

எல்லையும் முதல் வாரமும்

மெக்சிகோப் பெண்களுக்கு விசா நேர்காணல் பெரும்பாலும் மான்டெரே நகரத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். விசாக் கட்டணம் தலைக்கு 205 டாலர், 12 பேருக்கு 2,460. இதை முதலாளி கட்டுவதே முறை; பெண்கள் கட்டியிருந்தால் முதல் வேலை வாரத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். விசா விண்ணப்பிக்கும் நேரத்துக்குள் வேலை அறிவிப்பின் நகல் அவர்களுக்குப் புரிகிற மொழியில் கையில் இருக்க வேண்டும். ஸ்பானிஷில் கொடுங்கள்.

எல்லையில் கிடைக்கும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை, வண்டி கிளம்புவதற்கு முன் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். பெயர் எழுத்து, பிறந்த தேதி, விசா வகை, முடிவுத் தேதி என்று நாலு விஷயம். முடிவுத் தேதி மனுவில் உள்ளதைவிட முன்னதாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துவது பத்து நிமிட வேலை. ஹூப்பர்ஸ் தீவுக்கு வந்து சேர்ந்தபின் திருத்துவது பல வார வேலை.

பயணச் செலவில் பலர் தப்பு செய்கிறார்கள். விதி என்ன சொல்கிறது என்றால், ஒப்பந்தக் காலத்தில் பாதியை முடித்தவருக்கு வந்த செலவைத் திருப்பித் தர வேண்டும். முழுசாக முடித்தவருக்கோ முதலாளி முன்கூட்டி அனுப்பியவருக்கோ போகும் செலவும் தர வேண்டும். "அப்போ பாதி சீசனில் கொடுத்தால் போதும்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தனியாக இருக்கிறது. ஒரு பெண் தன் காசில் 350 டாலர் செலவழித்து வந்திருக்கிறார், முதல் வாரச் சம்பளம் 600 என்று வைத்துக்கொள்வோம். 600-இலிருந்து 350 போனால் 250. மத்தியக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 40 மணி நேரத்துக்கு 290. ஆக 40 டாலர் குறைகிறது. அதையாவது முதல் வாரமே கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கு எல்லாம் வேண்டாம் என்றால் பஸ் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அதுதான் மலிவு.

வந்த முதல் 3 வேலை நாளுக்குள், வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம், பாஸ்போர்ட்டையும் ஐ-94-ஐயும் பார்த்து நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டை நகல் எடுத்தவுடன் கையில் திருப்பிக் கொடுங்கள். "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஆபீஸ் பீரோவில் பூட்டி வைப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் விதிமீறல். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களை முதல் வாரமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விண்ணப்பிக்க வையுங்கள். இன்னொன்று: எச்-2ஏ ஆட்களுக்குச் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி கிடையாது, எச்-2பி ஆட்களுக்குப் பொதுவாக உண்டு. தொழிலாளி, முதலாளி இருவர் பக்கமும் 7.65 சதவீதம். தோட்டப் பண்ணைக்குக் கணக்கு எழுதியவரிடம் சம்பளப் பட்டியலைக் கொடுத்தால் இதைப் பிடிக்காமல் விட்டுவிடுவார். வருஷக் கடைசியில் இரண்டு பங்கும் முதலாளி தலையில் விழும்.

மேசை

வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். முந்தின நாள் கூடையோடு ஆவிப் பாத்திரத்தில் வெந்து, குளிரறையில் ஆறிய நண்டு, மேசை நடுவில் மண்வெட்டியால் அள்ளிக் குவிக்கப்பட்டிருக்கும். துருப்பிடிக்காத இரும்பு மேசை, தலைக்கு வலை, ரப்பர் ஏப்ரன், குட்டை அலகும் பிடிப்பான கைப்பிடியும் உள்ள கத்தி. முதலில் கால்கள், கொடுக்கு தனியாக. பிறகு முதுகு ஓட்டைக் கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே சாம்பல் நிறத்தில் விரல் விரலாக இருக்கும் செவுளைச் சுரண்டித் தள்ள வேண்டும். அப்புறம்தான் கைவித்தை. கால் மூட்டுகளுக்கு மேலே இரு பக்கமும் ஒரு வெட்டு. சரியான உயரத்தில் வெட்டினால் கடைசித் துடுப்புக் காலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சதைக் கட்டி முழுசாக முனையில் ஏறி வரும். இழை அளவு தாழ வெட்டினால் இரண்டாக உடையும். உடைந்தது மலிவான ரகத்துக்குப் போய்விடும். பெரிய கட்டி, கட்டி, பின்துடுப்பு, சாதாரணம், கொடுக்குச் சதை என்று ரகம் ரகமாக 1 பவுண்டு டப்பாவில் பிரித்து, எடை அறைக்குக் கொடுத்தால், ஓட்டுத் துண்டு இருக்கிறதா என்று பார்த்து எடைபோட்டு, எடுத்தவர் கணக்கில் எழுதுவார்கள். டப்பா ஐஸில் போய்விடும்.

கூலி பவுண்டுக்கு இவ்வளவு என்று, திருப்பூர்க்காரர்களுக்குப் பழகிய பீஸ் ரேட்தான். ஆனால் அடியில் ஒரு தரை இருக்கிறது. நிர்ணயக் கூலி, மத்திய, மாநிலக் குறைந்தபட்சக் கூலி இவற்றில் எது அதிகமோ எந்த வாரத்திலும் மணிக்கூலி அதற்குக் கீழே போகக் கூடாது. கணக்குக்காக, பவுண்டுக்கு 5 டாலர், மணிக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த பெண் 40 மணி நேரத்தில் 80 பவுண்டு எடுத்தால் பீஸ் ரேட்டில் 400. தரைக் கூலி 600. மீதி 200-ஐ முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும். பழகிய பெண் 50 மணி நேரத்தில் 180 பவுண்டு எடுத்தால் 900. இதோடு முடியவில்லை. 900-ஐ 50-ஆல் வகுத்தால் மணிக்கு 18. 40-க்கு மேற்பட்ட 10 மணி நேரத்துக்கு அதில் பாதி, 9 டாலர் வீதம் 90 சேர்த்து 990. பீஸ் ரேட் என்றால் ஓவர்டைம் இல்லை என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய தப்பு. இதற்கெல்லாம் நேரப்பதிவு வேண்டும். எடைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை எழுதாத கூடம் தணிக்கையில் எதையும் நிரூபிக்க முடியாது. தாள்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்மணிக்கும் இதே கூலிதான். இருபது வருஷமாக வருகிறவர், பழைய ரேட்டுக்கே சம்மதம் என்கிறார் என்பதெல்லாம் செல்லாது. கத்தி, ஏப்ரன், கையுறைக்குக் காசு பிடிக்கவும் கூடாது.

முக்கால் பங்கு உத்தரவாதம் நண்டுத் தொழிலுக்கு உண்மையான தலைவலி. ஒவ்வொரு 12 வாரத்திலும், அறிவித்த மணி நேரத்தில் நாலில் மூன்று பங்கு வேலை கொடுக்க வேண்டும்; மொத்த ஒப்பந்தமே 120 நாளுக்குக் குறைவென்றால் 6 வாரத்துக்கு ஒரு கணக்கு. வாரம் 40 மணி என்று எழுதியிருந்தால் 12 வாரத்துக்கு 480, அதில் முக்கால் 360. ஏப்ரல், மே மாதம் குளிர் நீடித்து முதல் 5 வாரம் வாரத்துக்கு 25 மணி நேரமே வேலை இருந்தால் 125 தான் ஆனது. மீதி 235 மணி நேரத்தை 7 வாரத்தில் கொடுக்க வாரத்துக்கு ஏறக்குறைய 34 மணி நேரம் தேவை. நண்டு வந்தால் முடியும். வராவிட்டால் சும்மா இருந்த நேரத்துக்கும் கூலி தர வேண்டும், அதுவும் பீஸ் ரேட் ஆளுக்கு அவருடைய சராசரி மணிக்கூலி அதிகமாக இருந்தால் அந்த வீதத்தில். 35 மணி நேரம் இருந்தாலே முழுநேர வேலை என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அப்படி எழுதினால் முக்கால் பங்கு 315-ஆக இறங்கும். ஆனால் உண்மையில் 50 மணி நேரம் நடக்கிற கூடத்தில் 35 என்று எழுதுவதும் பொய்தான்.

இந்த இடத்தில்தான் கடல் உணவுத் தொழிலுக்கு மட்டும் உள்ள சலுகை கைகொடுக்கிறது. சான்றில் உள்ள தொடக்க நாளிலிருந்து 120 நாளுக்குள் ஆட்களைப் பகுதி பகுதியாக வரவழைக்கலாம். முதல் 90 நாளுக்குள் என்றால் கூடுதல் வேலை இல்லை. அதற்குப் பின் என்றால் உள்ளூரில் மறுபடி ஆள் தேடிக் காட்ட வேண்டும். ஏப்ரலில் 5 பேர், மே கடைசியில் 7 பேர் என்று பிரித்து அழைத்தால், குளிர்ந்த வாரங்களின் கூலிச் சுமை பாதிக்கு மேல் குறையும். தோட்டக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

வீடும் ஏஜென்ட்டும்

எச்-2ஏ-வில் தங்குமிடம் இலவசம். எச்-2பி-யில் அப்படிக் கட்டாயமில்லை. ஆனால் ஹூப்பர்ஸ் தீவில் வாடகைக்கு வீடு எங்கே இருக்கிறது? முதலாளிதான் பழைய வீட்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வாடகை பிடிப்பதாக இருந்தால் தொகை வேலை அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். சீசன் நடுவில் புதிதாக ஒரு பிடித்தம் கிளம்பக் கூடாது. வீட்டைவிட அவர்களுக்குப் பெரிய விஷயம் வண்டி. பேருந்து கிடையாது, கேம்பிரிட்ஜ் நகரத்துக் கடைக்குப் போக அரை மணிக்கு மேல் ஆகும், கடல் ஏறினால் ரோட்டிலேயே தண்ணீர் நிற்கும். வாரம் இரண்டு நடை வண்டி விடுங்கள். ஒரு நடை சம்பளம் போட்ட மறுநாளாக இருக்கட்டும், ஊருக்குப் பணம் அனுப்ப. கத்தி கையைக் கிழித்தாலோ, நண்டு முள் குத்திச் சீழ் வைத்தாலோ எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி, யார் பேசி மொழிபெயர்ப்பது என்று முதல் நாளே ஸ்பானிஷில் எழுதி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயம் கல்ஃபுக்கு ஆள் போன ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே தொழிலாளியிடம் யாரும், எந்தப் பெயரிலும், ஒரு டாலர்கூட வேலைக்காக வாங்கக் கூடாது. ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தத்திலேயே இந்தத் தடை எழுதப்பட்டிருக்க வேண்டும். இருந்தும் கிராமத்தில் ஆள் பிடிக்கிறவர் வாங்கிவிடுவார், கேட்டால் "போட்டோவுக்கு, பாஸ் எடுக்க" என்பார். வந்த வாரத்திலேயே ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாக, ஏஜென்ட்டின் ஆள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எதற்கு. கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், அந்த ஏஜென்ட்டை மாற்றுங்கள். "எனக்குத் தெரியாது" என்று தணிக்கையில் சொன்னால் எளிதில் விடமாட்டார்கள். தடைப்பட்டியலில் பெயர் ஏறினால் 1 முதல் 5 வருடம் இந்தத் திட்டத்தின் பக்கமே வர முடியாது. கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டி வந்த பெண், கூலி அதிகம் என்று யாராவது கூப்பிட்டால் நடுச் சீசனில் போய்விடுவார். முதலாளிகள் "ஓடிப்போனாள்" என்று புலம்பும் பல சம்பவங்களின் அடியில் இதுதான் இருக்கிறது. 5 தொடர் வேலை நாள் சொல்லாமல் வராவிட்டால் விலகியதாகக் கருதி, 2 வேலை நாளுக்குள் தொழிலாளர் துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் அவருக்கான பயணச் செலவும் மிச்ச உத்தரவாதமும் உங்கள் பொறுப்பில் இல்லை.

நவம்பர் கடைசி வாரம், மேசையைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை: கடைசிச் சம்பளத்தோடு ஊர் போகும் டிக்கெட், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் முடியும் தேதி, இந்த வருட விசாவின் நகல், ஐ-94 எண், ஊரில் பிடிக்கக்கூடிய இரண்டு போன் எண்கள், அடுத்த ஏப்ரலில் வருகிறாரா என்று அவர் வாயால் ஒரு பதில். எல்லாம் ஒரே தாளில், ஆளுக்கு ஒரு வரி. ஊருக்குத் திரும்பியதும் வெளியேறிய பதிவு ஏறியிருக்கிறதா என்று டிசம்பரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பஸ்ஸில் எல்லையைத் தாண்டுகிறவர்களுக்குச் சில சமயம் ஏறாமல் போகிறது. மான்டெரே ஜன்னலில் அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார்.